பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு ஒரு ஃபேன்

தொண்ணூறுகளில் சான் ஹோசேயைச் சுற்றிய பே ஏரியாவில் எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி, "நீங்க என்ன லாங்குவேஜ்ல வொர்க் பண்றீங்க?" என்பதுதான். சி, ஜாவா, கோபோல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். என் முறை வரும்போது, "நான் ஃபேன் செலக்ட் பண்றேன்" என்பேன். சட்டென்று பேச்சு நின்றுவிடும். ஃப்ரீமாண்ட்டில் ஒருவர், "சீலிங் ஃபேனா, டேபிள் ஃபேனா?" என்று மெய்யாகவே கேட்டார். "கம்ப்யூட்டருக்குள்ள சின்னதா சுத்துமே, அது" என்றேன். "அதுக்குன்னு ஒரு ஆளா?" என்றார். என் கணவர் செந்தில் தன் தட்டில் இருந்த வடையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அதற்கென்று ஒரு ஆள் வேண்டும். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்தில் இருக்கும் நித்யா சமீபத்தில் ஃபோன் பண்ணினாள். "ஆன்ட்டி, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல பெட்டியோட மாடலைப் போட்டா எந்த ஃபேன்னு சாஃப்ட்வேரே சொல்லிடுது. புதுசா சேர்றவங்க மெஷின் ஓடற இடத்தையே பாக்கறதில்ல. அந்த ஹூஸ்டன் ஹாஸ்பிடல் விஷயத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், எல்லாருக்கும் படிக்கக் குடுக்கறேன்" என்றாள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான் வந்தது. அந்த ஒரு பக்கத்தில் அடங்காததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது கோயம்புத்தூரில், மெக்கானிக்கல். படிப்பு முடிந்ததும் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்ட் பெட்டில் வேலை. தயாராகி வரும் பம்பைத் தொட்டியில் பொருத்தி, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றுகிறது என்று அளந்து வளைகோடு வரைய வேண்டும். அப்புறம் கல்யாணம், செந்திலின் வேலை, சான் ஹோசே. கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் இருந்தேன். வந்த பிறகு அப்ளை பண்ணின இடங்களில் எல்லாம், பம்பு டெஸ்ட் பண்ணியவருக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். மில்பிடாஸில் ஒரு சின்ன கம்பெனி மட்டும் கூப்பிட்டது. அலமாரித் தட்டில் அடங்குகிற கச்சிதமான கம்ப்யூட்டர்களும் சின்ன சர்வர்களும் செய்கிறவர்கள். இன்டர்வியூவில் டெப்ரா என்ற பெண் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "இது என்ன சொல்லுது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீருக்குப் பதிலாகக் காற்று. மற்றபடி பீளமேட்டில் நான் தினமும் வரைந்த அதே வளைகோடு. நிறுத்தாமல் பேசினேன். மறு வாரம் சேர்ந்துவிட்டேன்.

டெப்ரா என்னைவிட வயதில் இளையவர். என் மேலதிகாரி. குரலை உயர்த்த மாட்டார், தப்பு என்று சொல்ல மாட்டார், பேசுகிறவரை இடைமறிக்க மாட்டார். லேபில் உயரமான ஸ்டூலில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, டப்பாவில் இருந்து கேரட் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தபடி கேட்டுக்கொண்டே இருப்பார். நாம் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசமாட்டார். அந்த மௌனத்தில் நம் ஓட்டைகள் நமக்கே தெரிய ஆரம்பித்துவிடும். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், "இந்த ஃபேன் நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்குன்னா?"

"சத்தம் கம்மி."

"எதைவிடக் கம்மி? எங்கே நின்னு கேட்டே? யாருக்குக் கம்மி?"

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடி ஓடினேன். மூன்றாவது கேள்வி எனக்கு அன்று ஒரு கேள்வியாகவே படவில்லை.

ஒரு ஃபேனை நாங்கள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கிறேன். சாம்பிள்கள் பஞ்சு அட்டையில் பதிந்து வரும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால், நடுக்குமிழில் நகத்தை வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். உள்ளே இருக்கும் காந்தம் விட்டுவிட்டு இழுப்பது விரலில் தெரியும். அந்த இழுப்பு சீராக இல்லாவிட்டால் ஓரமாக வைத்துவிடுவேன். பிறகு காற்றுப் பெட்டி. ஆளுயர பிளைவுட் பெட்டி அது. ஒரு முனையில் ஃபேன், மறுமுனையில் காற்று வெளியேறும் துவாரம். துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு அடைப்புக்கும் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்க வேண்டும். காட்டலாகில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, எதிரே ஒரு தடையும் இல்லாதபோது ஃபேன் தள்ளும் காற்று. கம்ப்யூட்டருக்குள்ளோ போர்டும் டிஸ்க்கும் வயர்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தரைமட்டத்தில் கொட்டுகிற பம்பு ஆழக் கிணற்றில் இருந்து எவ்வளவு ஏற்றும் என்பதுதானே கேள்வி? அதனால் கம்ப்யூட்டர் பெட்டியையும் தனியாக அதே காற்றுப் பெட்டியில் மாட்டி, அது காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்து இன்னொரு கோடு வரைவோம். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் உண்மை. காட்டலாக் எண்ணை மீட்டிங்கில் சொல்லக் கூடாது என்பது டெப்ராவின் சட்டம்.

அடுத்தது அடுப்பு. பெரிய மின்சார அடுப்புக்குள் ஃபேன்களை நிமிர்த்தியும் படுக்க வைத்தும் கவிழ்த்தும் மாட்டி, வாரக்கணக்கில் ஓட விடுவோம். அச்சைத் தாங்க எண்ணெய் ஊறிய புஷ் என்ற உலோக வளையம் வைத்த மலிவு ஃபேன்கள் அந்தச் சூட்டில் காய்ந்து கரகரக்க ஆரம்பிக்கும். சின்ன இரும்புக் குண்டுகள் வைத்த பால் பேரிங் தாங்கும். கடைசியாகச் சுவரெல்லாம் நுரை ஒட்டிய ஒரு சின்ன அறையில், ஒரு மீட்டர் தள்ளி மைக் வைத்துச் சத்தத்தை அளப்போம். ஆபீஸ் இயந்திரங்களுக்கு என்று ஒரு வரம்பு இருந்தது. அதற்குள் வந்தால் பாஸ்.

இப்படி எல்லாப் பரீட்சையிலும் பாஸான ஃபேன் ஒன்றை வைத்துத்தான் அந்த ஹூஸ்டன் ஹாஸ்பிடலுக்குக் கம்ப்யூட்டர்கள் அனுப்பினோம்.

அவை போய்ச் சேர்ந்தது மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளின் வார்டுக்கு. குழந்தையின் எடை, பால் அளவு, மருந்து எல்லாவற்றையும் நர்ஸ்கள் பதிவுசெய்வதற்காக, இன்குபேட்டர்களுக்குப் பக்கத்துத் தட்டிலேயே பொருத்தியிருந்தார்கள். உயிர்காக்கும் கருவிகள் வேறு. எங்கள் பெட்டி நின்றாலும் அவை ஓடும். ஆனால் எங்கள் பெட்டி நின்றுகொண்டே இருந்தது. உள்ளே சூடு மிஞ்சினால் தானாகவே அணைந்துவிடும்படி செய்திருந்தோம். வாரத்துக்குச் சில என்று அணைந்தன. நர்ஸ்கள் குழந்தையை விட்டுவிட்டுத் தாளைத் தேட வேண்டியிருந்தது. திரும்பி வந்த பெட்டிகளை எங்கள் அடுப்பில் வைத்து ஓட்டினால், ஹூஸ்டன் வெயிலைவிட அதிகச் சூட்டிலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

ஹாஸ்பிடல் எல்லாவற்றையும் எடுத்துப்போகச் சொல்லிவிடும் நிலை. அவர்களைப் பார்த்து வாங்க இருந்த மற்ற ஹாஸ்பிடல்களும் பின்வாங்கின. அந்த ஆர்டர்கள் போனால் எங்கள் ஃபேக்டரியில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். சேல்ஸ் மேனேஜர் கிரெக் லேபுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், பயந்துபோயிருந்தார்.

"சூடுதானே பிரச்சனை? இதைவிட வேகமான ஃபேன் இருக்கில்ல? மாத்திடுங்க. இந்த வாரமே."

டெப்ரா கேரட்டைக் கடித்து முடித்தார். "இங்கே ஓடற பெட்டி அங்கே ஏன் நிக்குதுன்னு நமக்குத் தெரியலையே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மீனா, நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

ஹூஸ்டனில் விமான நிலையக் கதவு திறந்ததும் வெந்நீர் ஆவி மாதிரி காற்று முகத்தில் அடித்தது. ஆனால் வார்டுக்குள் நல்ல குளிர். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலங்கி மாட்டித்தான் உள்ளே விட்டார்கள். விளக்குகளைத் தணித்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள், என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற உடம்புகள். அத்தனை சின்ன விரலுக்கும் நகம் இருந்தது. என் மகள் அனு நிறைமாதத்தில் பிறந்தவள்; இப்படி ஒரு குழந்தையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

எங்கள் பெட்டிகளில் வெப்பமானிக் கம்பிகளைப் பொருத்தினேன். காலை முழுக்கப் பார்த்தேன். ஒன்றுகூட வரம்பைத் தாண்டவில்லை. காற்று தாராளமாக வெளியே வந்துகொண்டிருந்தது. மத்தியானம் தாழ்வாரத்தில் நின்று செந்திலுக்கு ஃபோன் பண்ணினேன். "ஏனுங்க, ரசம் ஃப்ரிட்ஜ்ல இருக்குதுங்க. அனுவ டேகேர்ல இருந்து டயத்துக்குக் கூட்டிட்டு வந்துருங்க. இங்க ஒண்ணும் ஆப்படல, எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்தியபடி ஒரு இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க நம்மூர்ப் பக்கமுங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏனுங்கன்னீங்களே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. நான் தாராபுரமுங்க. கவிதா." சிரித்தாள். முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. ஜன்னலோரத்து இன்குபேட்டரில் இருந்த யாழினி அவள் மகள். இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்தவள். கணவருக்கு டவுன்டவுனில் சாஃப்ட்வேர் வேலை. கவிதா மட்டும் பகலெல்லாம் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம். என்னை என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன்.

"ஓ, அந்தப் பொட்டி உங்களுதுங்களா?" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு ஏன் துணி போடல? நீங்க வந்திருக்கீங்கன்னா?"

"என்ன துணி?"

"அது பின்னாடி தினமும் ஒரு போர்வைய மடிச்சுச் சொருகி வெப்பாங்களே. இன்னிக்குக் காலைல வந்து எடுத்துட்டாங்க. பாப்பா அப்ப இருந்து மூஞ்சியச் சுளிச்சுட்டே கெடக்கறா."

காற்று வெளியேறும் வழியில் போர்வை! எந்த ஃபேன் தாங்கும்?

பொறுப்பு நர்ஸின் பெயர் மார்லீன். ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். அவரிடம் போய், கவிதா பெயரைச் சொல்லாமல், "பெட்டிக்குப் பின்னால போர்வை வைப்பீங்களா?" என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன்.

"வைப்போம்" என்றார். "நீங்க கிளம்பினதும் மறுபடி வைப்போம்."

"அதனாலதான் அது சூடாகி அணையுது."

"இருக்கலாம். சத்தம் தாங்கலன்னு உங்க கம்பெனிக்கு ரெண்டு தடவை சொன்னோம். வரம்புக்குள்ளதான் இருக்குன்னு பதில் வந்தது. என் வேலை அந்தப் பெட்டியைப் பாத்துக்கறது இல்ல, இந்தக் குழந்தைங்களைப் பாத்துக்கறது."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். பிறகு என்னை யாழினி பக்கம் அழைத்துப் போனார். "கண்ணை மூடிட்டுக் கேளுங்க" என்றார். மூடினேன். வார்டின் மெல்லிய சத்தங்களுக்கு மேலே ஒரு கீச்சொலி, கொசு காதோரம் நிற்பது மாதிரி, ஒரே சுருதியில், இடைவெளியே இல்லாமல். லேபில் நுரைச்சுவர் அதை விழுங்கியிருந்தது. இங்கே பின்னால் ஓடு பதித்த சுவர். பட்டுத் திரும்பி நேராக இன்குபேட்டர் பக்கம் வந்தது. மார்லீன் கை நீட்டி எங்கள் பெட்டியை அணைத்தார். அந்த ஒலி அறுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக யாழினியின் நெற்றிச் சுளிப்பு கலைந்தது. முஷ்டியாக இறுக்கியிருந்த கை, விரல் விரலாகத் திறந்தது.

'யாருக்குக் கம்மி?' என்று டெப்ரா கேட்ட மூன்றாவது கேள்வி அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குப் போட்ட வரம்பு, இவளுக்கு எப்படி வரம்பாகும்?

மில்பிடாஸ் திரும்பியதும் மீட்டிங். நான் பார்த்ததைச் சொன்னேன். கிரெக்குக்கு நிம்மதி வந்துவிட்டது. "அப்ப தப்பு நம்ம மேல இல்ல! 'மூடாதீர்கள்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். கூடவே கொஞ்சம் வேகமான ஃபேனும் போட்டா, மூடினாலும் தாங்கும்."

"வேகமா சுத்தினா இன்னும் கத்தும். அவங்க இன்னொரு போர்வை சேத்து வைப்பாங்க" என்றேன்.

"ஸ்டிக்கர் இருக்குமே?"

"அந்த வார்டுல நான் நர்ஸா இருந்தா, ஸ்டிக்கர் மேலயே போர்வையைப் போடுவேன்."

எல்லோரும் டெப்ராவைப் பார்த்தார்கள். அவர் கேரட் டப்பாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "போர்வை போடணும்னு தோணாத பெட்டியைச் செய்வோம். ஹாஸ்பிடல்கிட்ட டைம் நான் கேட்டு வாங்கறேன். அதுவரைக்கும் வர்ற திட்டெல்லாம் என்கிட்ட வரட்டும், மீனாகிட்ட யாரும் போகக் கூடாது." அதைச் செய்தும் காட்டினார். அடுத்த சில வாரங்கள் அவர் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் யார் யாரோ சத்தம் போட்டார்கள். லேபுக்குள் ஒரு சொல்கூட வரவில்லை.

முதலில் அந்தக் கீச்சொலி எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ஃபேனின் இதழ்கள் பின்பக்கத் தகட்டின் கம்பிகளுக்கு மிக நெருக்கமாகச் சுற்றின. ஒவ்வொரு இதழும் கம்பியைத் தாண்டும்போது காற்றை வெட்டுகிறது. அந்த வெட்டுகள் சேர்ந்துதான் கீச். ஃபேனை விரலகலம் உள்ளே தள்ளி, ரப்பர் மேல் உட்கார வைத்து, தகட்டுக்குப் பதிலாக மெல்லிய கம்பி வலை போட்டேன். கூர்மை போய்விட்டது, இரைச்சல் மிச்சம் இருந்தது. அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் காற்று போதாது. பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றவிடலாம் என்றால், பெட்டியின் உயரத்தில் அது நுழையவில்லை. கொஞ்சம் பெரியது ஒன்றை எப்படியோ நுழைத்தேன். அதுவும் மெதுவாகச் சுற்றும்போது பத்தவில்லை. பல நாள் அங்கேயே நின்றேன்.

பீளமேட்டில் தண்ணீர் குறைவாக வருகிறது என்று விவசாயிகள் வந்து பெரிய மோட்டார் கேட்பார்கள். போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் பம்பு நன்றாகவே இருக்கும். பைப்பில்தான் தேவையில்லாத வளைவுகள். இதை நினைத்துக்கொண்டுதான் ஒரு நாள் மதியம் பெட்டியின் மேல்மூடிக்குப் பதிலாகக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகட்டை மாட்டி, மில்பிடாஸ் இந்தியன் கடையில் வாங்கிய ஊதுபத்தியை முன்பக்கம் பிடித்தேன். புகை உள்ளே நுழைந்தது, பாதி தூரம் போனது, ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு சுழன்றது. டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் அகலமான பட்டைக் கேபிள், திரைச்சீலை மாதிரி குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எங்கள் ஃபேன் அந்தத் திரையைத்தான் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

கேபிளை மடித்துச் சுவரோரம் ஒட்டினேன். மறுபடி ஊதுபத்தி. புகை ஒரே நூலாக உள்ளே போய் ஃபேன் வழியாக வெளியே வந்தது. டெப்ராவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னொரு தடவை காட்டு" என்றார், அவ்வளவுதான்.

மெதுவாகச் சுற்றும் ஃபேன் இப்போது போதுமானதாகிவிட்டது. தூசு சேர்ந்தால் குறைந்த மின்சாரத்தில் கிளம்பாமல் நின்றுவிடும் என்பதால், தொடக்கத்தில் மட்டும் முழு வேகம் கொடுத்துத் தள்ளிவிடும் ஒரு சின்ன சர்க்யூட்டைச் சேர்த்தோம். பக்கவாட்டிலும் துளைகள் போட்டோம். எல்லாவற்றையும் அடுப்பில் வைத்து முழுப் பரீட்சையும் முடித்துவிட்டு, புதுப் பெட்டிகளுடன் டெப்ராவும் நானும் ஹூஸ்டன் போனோம்.

பெட்டியை வார்டுத் தட்டில் வைத்து இயக்கிவிட்டு ஓரமாக நின்றுகொண்டோம். மார்லீன் வந்தார். கையில் தயாராக மடித்த போர்வை. பெட்டிக்கு அருகே நின்றார். குனிந்து பின்பக்கம் உள்ளங்கையைக் காட்டி, காற்று வருகிறதா என்று பார்த்தார். வந்தது. நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் நின்று கேட்டார். பிறகு போர்வையை உதறி விரித்து, அடுத்த இன்குபேட்டருக்குப் போய் அங்கே இருந்த குழந்தைக்குப் போர்த்தினார். டெப்ரா என் முழங்கையை ஒருமுறை அழுத்தினார்.

பழைய பெட்டிகளை எல்லாம் மாற்றிக் கொடுத்தோம். அதன் பிறகு அந்த வார்டில் இருந்து சூட்டால் அணைந்த ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. மற்ற ஹாஸ்பிடல்களும் வாங்கின. கிரெக் லேபுக்கு ஒரு பெரிய டப்பா டோநட் வாங்கி வந்தார். ஸ்டிக்கர் பேச்சை அவரே சொல்லிச் சிரித்தார். ஃபேக்டரியில் யாருக்கும் வேலை போகவில்லை.

புதுப் பெட்டியை வைக்கப் போன அன்று, ஜன்னலோரத்து இன்குபேட்டரில் வேறு குழந்தை இருந்தது. யாழினி எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டாள். கவிதா கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். "அக்கா, சாப்பிடாமப் போனீங்கன்னா நான் பேசவே மாட்டேன்" என்றாள். அவள் கணவர் வந்து அழைத்துப் போனார். ஹில்கிராஃப்ட் பக்கத்தில் சின்ன அபார்ட்மென்ட். கதவைத் திறந்ததுமே எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோற்று மணம். யாழினி கன்னம் உப்பி, கை காலெல்லாம் மடிப்பு விழுந்து, அடையாளமே தெரியவில்லை. மடியில் வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சிணுங்க ஆரம்பித்தாள். நான் தட்டிக் கொடுத்தேன், ஆட்டினேன், எதற்கும் அடங்கவில்லை.

"தூக்கத்துக்கு அழறா. இருங்க" என்று கவிதா அறை மூலையில் இருந்த பழைய டேபிள் ஃபேனைப் போட்டாள். அது தடதடவென்று, கட்டடமே அதிர்கிற மாதிரி ஓட ஆரம்பித்தது.

"என்ன கவிதா இது?"

"அதை ஏங்க்கா கேக்கறீங்க. வீட்டுக்கு வந்ததுல இருந்து இந்தச் சத்தம் இல்லாமத் தூங்கவே மாட்டேங்கறா. நிறுத்துனா முழிச்சுக்கறா."

என் மடியில் யாழினிக்குக் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஃபேனின் முன்வலையில் ஒரு திருகு கழன்றிருந்தது. இத்தனை ஆர்ப்பாட்டமும் அதனால்தான். என் கைப்பையில் திருப்புளி இருந்தது. கை துறுதுறுத்தது. ஆனால் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் தொடவில்லை.